ஓவியர் நமட்ஜிரா பெற்ற குடியுரிமை



நம் வீட்டுச் சுவரில் காலண்டர் ஒன்று தொங்கும். ஆண்டு முடிந்து தேதித்தாள் எல்லாம் கிழிந்த பிறகும், மேலே இருக்கும் படம் அழகாக இருக்கிறதே என்று அந்த அட்டையைக் கழற்றாமல் விட்டு வைப்போம். 1950ஆம் ஆண்டுகளில் ஆஸ்திரேலியாவில் எத்தனையோ வீடுகளின் சுவரில் அப்படி ஒரு படம் இருந்தது. சிவந்த பூமி. தொலைவில் ஊதா நிறத்தில் ஒரு மலைத்தொடர். முன்னால், வெள்ளை வெளேரென்று தனியாக நிற்கும் ஒரு மரம். மூலையில் ஆல்பர்ட் நமட்ஜிரா என்ற கையெழுத்து.

அந்தப் படத்தை வாங்கி மாட்டியவர்கள் வாக்களிக்கலாம், நிலம் வாங்கலாம், விரும்பிய ஊரில் வீடு கட்டலாம். படத்தைத் தீட்டியவருக்கு இவற்றில் ஒன்றும் கிடையாது. பின்னர் ஒரு நாள் அவருக்கு மட்டும் அந்த உரிமைகளைக் கொடுத்தார்கள். கொடுத்த இரண்டே ஆண்டுகளில் அவர் மாண்டு போனார். அந்தக் கதையைத்தான் இன்று உங்களுக்குச் சொல்லப்போகிறேன்.

ஆஸ்திரேலியா எவ்வளவு பெரிய நாடு என்பதைப் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரைபடத்தில் பார்த்திருப்பீர்கள். அந்த வரைபடத்தின் நட்ட நடுவில் விரலை வையுங்கள். அங்கே அலிஸ் ஸ்பிரிங்ஸ் என்று ஓர் ஊர். அதற்கு மேற்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில், மணலும் பாறையும் சூழ்ந்த இடத்தில், ஹெர்மன்ஸ்பர்க் என்ற சிற்றூர். ஜெர்மானிய லுத்தரன் பாதிரிமார்கள் 1877ஆம் ஆண்டில் அமைத்த கிறிஸ்துவக் குடியிருப்பு அது. அந்தப் பகுதியின் மண்ணின் மைந்தர்கள் அரண்டா என்னும் பழங்குடி மக்கள். வெள்ளைக்காரர்கள் 1788ஆம் ஆண்டில் வந்து குடியேறுவதற்குப் பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன்பிருந்தே பழங்குடி மக்கள் அந்த நாட்டில் வாழ்ந்து வந்தார்கள். ஆனால் 1901ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியா ஒரே நாடாகி அரசியல் சட்டம் எழுதியபோது, நாட்டின் மக்கள்தொகையைக் கணக்கிடுகையில் இவர்களைச் சேர்க்க வேண்டாம் என்று அதிலேயே எழுதி வைத்தார்கள்.

மறு ஆண்டு, 1902 ஜூலை 28ஆம் நாள், ஹெர்மன்ஸ்பர்க்கில் ஓர் அரண்டாக் குடும்பத்தில் ஆண்குழந்தை பிறந்தது. பெற்றோர் இட்ட பெயர் எலியா. பெற்றோர் கிறிஸ்துவ சமயத்தைத் தழுவியபோது குழந்தைக்கு ஆல்பர்ட் என்று ஞானஸ்நானப் பெயர் வைத்தார்கள். நமட்ஜிரா என்பது தந்தையின் பெயர்.

ஆல்பர்ட் இரண்டு பள்ளிகளில் படித்தார் என்று சொல்லலாம். ஒன்று பாதிரிமார்களின் பள்ளிக்கூடம். மற்றொன்று அவருடைய மக்களின் பள்ளி. பதின்மூன்று வயதானதும், குல வழக்கப்படி பெரியவர்கள் அவரைக் காட்டுக்கு அழைத்துச் சென்று ஆறு மாதம் வைத்திருந்து, தங்கள் நிலத்தின் கதைகளையும் குலச் சட்டங்களையும் கற்பித்தார்கள். எந்த மலை யாருடையது, எந்த நீரூற்று எந்தக் கதைக்குரியது, யாருக்கு யார் என்ன முறை, யாருக்கு யார் என்ன கொடுக்கக் கடமைப்பட்டவர் என்பதெல்லாம் அதில் அடங்கும். இந்தக் கடைசிப் பாடத்தை மறந்துவிடாதீர்கள். பின்னால் அது வரும்.

வாலிபத்தில் அவர் இல்கலிடா என்ற பெண்ணை விரும்பினார். அவர் வேறு பழங்குடியைச் சேர்ந்தவர். குல முறைப்படி ஆல்பர்ட்டுக்கு மணம் முடிக்கத் தகாத உறவு. நம்மவர்களிடமும் முறைப்பெண், முறை அல்லாத பெண் என்ற கணக்கு உண்டல்லவா? அப்படித்தான். இருவரும் ஊரை விட்டு ஓடிப்போனார்கள். சில ஆண்டுகள் வெளியிலேயே கழித்து, 1923ஆம் ஆண்டில் திரும்பினார்கள். ஊரும் ஏற்றுக்கொண்டது. இல்கலிடா ருபீனா என்ற பெயரில் ஞானஸ்நானம் பெற்றார்.

குடும்பத்தைக் காக்க ஆல்பர்ட் செய்யாத வேலை இல்லை. கொல்லன் பட்டறை, தச்சு வேலை, மாட்டுப் பண்ணை வேலை, ஒட்டகம் ஓட்டும் வேலை. ஆஸ்திரேலியாவில் ஒட்டகமா என்று கேட்பீர்கள். பாலைவனத்தில் சுமை ஏற்றிச் செல்வதற்காக, பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே ஒட்டகங்களையும் அவற்றை ஓட்டுபவர்களையும் ஆப்கானிஸ்தான், இந்தியாவின் வடமேற்குப் பகுதி ஆகிய இடங்களிலிருந்து கொண்டு வந்திருந்தார்கள்.

1920ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் அங்கே கொடிய வறட்சி ஏற்பட்டது. பச்சைக் காய்கறி இல்லாமல் பற்களின் ஈறு அழுகி உயிரைக் குடிக்கும் ஸ்கர்வி என்னும் நோய் பரவிப் பல குழந்தைகள் இறந்தார்கள். அப்பொழுது குடியிருப்பின் தலைவராக இருந்தவர் ஆல்பிரெக்ட் என்ற போதகர். மெல்பர்ன் நகரத்து ஓவியரான வயலட் டீக் என்ற அம்மையாரும் அவருடைய சகோதரியும் ஓவியக் கண்காட்சி நடத்திப் பணம் திரட்டிக் கொடுக்க, 1935ஆம் ஆண்டில் மலை ஊற்றிலிருந்து குழாய் வழியாகக் குடியிருப்புக்குத் தண்ணீர் வந்தது. படம் விற்ற காசில் வந்த தண்ணீர்!

போதகர், ஊர் மக்கள் கைத்தொழில் செய்து விற்றுப் பிழைக்கட்டும் என்று ஊக்குவித்தார். ஆல்பர்ட் முல்கா என்னும் கடினமான மரத்தில் பலகை செய்வார். பூமராங் என்னும் எறிவளை செய்வார். கம்பியை நெருப்பில் காய்ச்சி, அந்தச் சூட்டுக்கோலால் அவற்றின் மேல் உருவங்களை வரைவார். அவர் கைக்குப் பழகிய முதல் தூரிகை, காய்ச்சிய இரும்புக் கம்பிதான்.

1934ஆம் ஆண்டில் ரெக்ஸ் பாட்டர்பீ, ஜான் கார்ட்னர் என்ற இரண்டு வெள்ளை ஓவியர்கள் அந்தப் பக்கம் வந்து, தாங்கள் வரைந்த படங்களை ஹெர்மன்ஸ்பர்க் மக்களுக்குக் காட்டினார்கள். தாங்கள் நாள்தோறும் பார்க்கும் மலையும் மரமும் காகிதத்தில் இருப்பதைக் கண்டு எல்லோரும் வியந்தார்கள். ஆல்பர்ட்டும் வியந்தார், ஆனால் அவருக்கு வேறொரு கேள்வியும் எழுந்தது. இதற்கு என்ன விலை கிடைக்கும் என்று போதகரிடம் விசாரித்தார் என்றும், இதை என்னாலும் செய்ய முடியும் என்று சொன்னார் என்றும் கூறுவர். இதைக் கேட்டு, கலைஞன் விலையைப் பற்றிக் கேட்கலாமா என்று முகம் சுளிப்பவர்களும் உண்டு. அடுப்பில் உலை வைக்க வேண்டிய மனிதன் கேட்க வேண்டிய கேள்விதான் அது என்பது என் கருத்து.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1936ஆம் ஆண்டில், பாட்டர்பீ மீண்டும் வந்தார். அவர் முதல் உலகப் போரில் கடுமையாகக் காயம்பட்டு நெடுநாள் மருத்துவமனையில் கிடந்தவர். உடல் உழைப்புக்கு முடியாமல் போகவே ஓவியத்தைப் பிடித்துக்கொண்டவர். ஆல்பர்ட் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்: நான் ஒட்டகம் ஓட்டி வழிகாட்டுகிறேன், நீங்கள் எனக்குப் படம் வரையச் சொல்லிக் கொடுங்கள். அப்படியே ஏறத்தாழ இரண்டு மாதம் மாக்டானல் மலைகளிலும் பாம் வேலி என்னும் பள்ளத்தாக்கிலும் இருவரும் சுற்றினார்கள். முப்பத்து நான்கு வயதில் ஆல்பர்ட் மாணவரானார். விரைவிலேயே, இவருக்குக் கற்றுக்கொடுக்க என்னிடம் அதிகம் இல்லை என்று ஆசிரியரே உணர்ந்தார்.

நீர்வண்ண ஓவியம் எளிதென்று நினைக்கிறோம். வண்ணப்பெட்டியும் தண்ணீரும் இருந்தால் குழந்தைகளே வரைகிறார்களே! உண்மையில் அது கடினமான வித்தை. எண்ணெய் வண்ணத்தில் தவறு செய்தால் மேலே இன்னொரு பூச்சுப் பூசி மறைத்து விடலாம். நீர்வண்ணம் கண்ணாடி போல் ஊடுருவித் தெரியும். போட்ட கோட்டை எடுக்க முடியாது. வெள்ளை நிறம் வேண்டுமென்றால் காகிதத்தின் வெண்மையையே தொடாமல் விட வேண்டும். நமட்ஜிராவின் படங்களில் பளிச்சென்று நிற்கும் அந்த வெள்ளை மரம், யூகலிப்டஸ் இனத்தைச் சேர்ந்தது. நிலவொளியில் பேய் போல் நிற்பதால் வெள்ளைக்காரர்கள் அதற்குப் பேய் மரம் என்றே பெயர் வைத்தார்கள். அந்த மரத்தின் ஒளி பட்ட பக்கத்தை அவர் பெரும்பாலும் அப்படியே காகிதமாக விட்டுவிடுவார். சுற்றிலும் செம்மண்ணும் நீல மலையும் ஏற ஏற, மரம் தானே துலங்கி நிற்கும்.

1938ஆம் ஆண்டு மெல்பர்னில் அவருடைய முதல் தனிக் கண்காட்சி நடந்தது. 41 படங்கள்; மூன்றே நாளில் அத்தனையும் விற்றுப்போயின. அதற்கு முன்பு ஆல்பர்ட் என்று மட்டும் கையெழுத்திட்டவர், அப்போதிலிருந்து தந்தையின் பெயரையும் சேர்த்து எழுதினார். 1939ஆம் ஆண்டு அடிலெய்டு நகரிலுள்ள அரசுக் கலைக்கூடம் அவருடைய படம் ஒன்றை வாங்கியது. 1944ஆம் ஆண்டில், நாட்டின் முக்கியமானவர்களின் குறிப்புகள் அடங்கிய 'ஹூ இஸ் ஹூ' நூலில் அவர் பெயர் ஏறியது. பழங்குடியினரில் அவரே முதல்வர். 1954ஆம் ஆண்டில் எலிசபெத் அரசியார் ஆஸ்திரேலியாவுக்கு வந்தபோது தலைநகர் கான்பராவில் அவரைச் சந்தித்தார்.

விமர்சகர்கள் எல்லோரும் புகழ்ந்துவிடவில்லை. வெள்ளைக்காரன் வரையும் மலைக்காட்சியை ஒரு கறுப்பன் நன்றாகக் காப்பியடிக்கிறான், அவ்வளவுதான் என்று சிலர் ஒதுக்கினார்கள். அவர்கள் பார்க்கத் தவறியது ஒன்று உண்டு. அவர் வரைந்த மலைகள் வெறும் காட்சிகள் அல்ல. அவர் தந்தை வழி நிலமும் தாய் வழி நிலமும் அவை. ஆறு மாதம் காட்டில் கதையோடு கற்ற இடங்கள் அவை. வெள்ளை ஓவியர் அழகான மலை என்று பார்த்த இடத்தில் இவர் பாட்டன் பூட்டனைப் பார்த்தார். பிற்காலத்து அறிஞர்கள் இதை ஒப்புக்கொண்டு எழுதியிருக்கிறார்கள்.

சரி, புகழ் வந்தது, பணமும் வந்தது. அந்தப் பணத்தை வைத்து அவர் என்ன செய்ய முடிந்தது? மாட்டுப் பண்ணை வைக்க நிலக் குத்தகை கேட்டார், மறுத்துவிட்டார்கள். அலிஸ் ஸ்பிரிங்ஸ் ஊருக்குள் வீடு கட்டிக் குடியிருக்க விரும்பினார். அதற்கும் அனுமதி இல்லை. அரசியாரோடு கைகுலுக்கிய மனிதர், ஊருக்கு வெளியே மோரிஸ் சோக் என்ற வறண்ட ஓடைக்கரையில், தகரமும் சாக்கும் கிடைத்ததை வைத்துக் கட்டிய கூடாரங்களுக்கு நடுவே வாழ்ந்தார்.

வந்த பணமும் அவரிடம் தங்கவில்லை. அரண்டா வழக்கப்படி ஒருவனுக்குக் கிடைப்பது அவனுக்கு மட்டும் உரியதன்று. வேட்டையில் ஒரு கங்காரு விழுந்தால் எந்தத் துண்டு யாருக்கு என்று விதி உண்டு. படம் விற்ற பணமும் அவர்கள் கண்ணுக்கு வேட்டைதான். உற்றார் உறவினர் பலர் அவரை நம்பி வாழ்ந்தார்கள். கேட்டவருக்கு இல்லை என்று சொல்வது அவர் அறிந்த மொழியில் வெட்கக்கேடு. ஊதாரி என்று வெள்ளைக்காரர்கள் ஏசினார்கள்.

இப்போது சட்டத்துக்கு வருவோம். 1953ஆம் ஆண்டில் அந்த வட ஆட்சிப் பகுதியில் பொதுநலச் சட்டம் ஒன்று இயற்றப்பட்டது. பெயர் அழகாக இருக்கிறது. அதன்படி அரசின் பாதுகாப்பில் வைக்கப்படும் ஆட்களுக்கு 'வார்டு' என்று பெயர். மருத்துவமனை வார்டு என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். தன்னைத் தானே பார்த்துக்கொள்ளத் தெரியாத சிறுபிள்ளை போன்றவர் என்று பொருள். வார்டாக உள்ளவர் எங்கே குடியிருக்கலாம், யாரை மணக்கலாம், சம்பாதித்ததை என்ன செய்யலாம் என்பதில் அதிகாரி தலையிடலாம். மது தொடக்கூடாது. வேடிக்கை என்னவென்றால், பழங்குடி என்ற சொல் அந்தச் சட்டத்தில் இல்லவே இல்லை. வாக்குரிமை உள்ளவரை வார்டு ஆக்கக்கூடாது என்று மட்டும் எழுதினார்கள். வாக்குரிமை இல்லாதவர் யார் என்பது எல்லோருக்கும் தெரியும்! 1957ஆம் ஆண்டில் பெயர்ப் பட்டியல் வெளியானது. 15,000க்கும் மேற்பட்ட பெயர்கள். குதிரைகளுக்கும் மாடுகளுக்கும் வம்சப் பதிவேடு வைத்திருப்பார்களே, அந்தப் பெயரையே இந்தப் பட்டியலுக்குக் கேலியாக வைத்தார்கள்.

அந்தப் பட்டியலில் இரண்டு பெயர்கள் இல்லை: ஆல்பர்ட், ருபீனா. நாடறிந்த ஓவியரை வார்டு என்று எழுதினால் உலகம் சிரிக்கும் என்று அஞ்சி விட்டுவிட்டார்கள். அப்படி விடுபட்டதால் அவர்கள் இருவரும் முழுக் குடிமக்கள் ஆனார்கள். வாக்களிக்கலாம், வீடு கட்டலாம், மதுக்கடைக்குள்ளும் போகலாம். செய்தித்தாள்கள் கொண்டாடின.

ஆனால் அவருடைய பிள்ளைகளின் பெயர் பட்டியலில் இருந்தது. பேரப்பிள்ளைகள், உடன் ஓவியம் தீட்டிய உறவினர்கள் எல்லோருமே வார்டுகள். ஒரே வீட்டில் ஒருவர் கையில் ஓர் அட்டை இருந்து மற்றவர் கையில் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது நம்மில் பல குடும்பங்களுக்குத் தெரியும்; நான் விளக்க வேண்டியதில்லை. ஆல்பர்ட்டுக்கு அது இன்னும் கடுமையாக வந்தது. இருப்பதைப் பகிர்ந்துகொள் என்றது குலச் சட்டம். பகிர்ந்தால் குற்றம் என்றது அரசுச் சட்டம். இரண்டு சட்டங்களையும் மதித்து நடக்க அவருக்கு வழியே இல்லை.

1958ஆம் ஆண்டில் மோரிஸ் சோக்கில் ஒரு பெண் கொல்லப்பட்டார். குடிபோதையில் நடந்த கொடுமை அது. கொலைக்கும் ஆல்பர்ட்டுக்கும் தொடர்பில்லை. ஆனாலும் அங்கே மது வந்ததற்கு அவரே காரணம் என்று விசாரணையில் கண்டித்தார்கள். போலீசாரின் கண் அவர்மேல் விழுந்தது. சில காலத்துக்குள், ஈனோக் ராபராபா என்ற சக ஓவியருக்கு மது கிடைக்கச் செய்தார் என்று அவர்மேல் வழக்குப் போட்டார்கள். ராபராபா குல முறைப்படி அவருக்குச் சகோதரர். கார் இருக்கையில் அவர் எடுக்கும்படி ஒரு ரம் போத்தலை விட்டு வைத்தார் என்பது குற்றச்சாட்டு. ஆறு மாதக் கடுங்காவல் என்று தீர்ப்பானது.

நாடெங்கும் எதிர்ப்புக் கிளம்பியது. மேல்முறையீட்டில் தண்டனை மூன்று மாதமாகக் குறைந்தது. நாட்டின் மிக உயர்ந்த நீதிமன்றம் அதற்கு மேல் கேட்க மறுத்துவிட்டது. 1959ஆம் ஆண்டில், சிறைக்குப் பதிலாக பாபுன்யா என்ற பழங்குடிக் குடியிருப்பில் காவலில் வைக்கப்பட்டு, இரண்டு மாதம் கழித்து விடுதலையானார்.

குடியைப் பற்றி ஒரு வார்த்தை. குடியால் கெட்ட குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன், நீங்களும் பார்த்திருப்பீர்கள். அந்த ஓடைக்கரையில் ஒரு பெண்ணின் உயிர் போனதை எந்த நியாயமும் சொல்லி மறைக்க முடியாது. ஆனால் ஆல்பர்ட்டைத் தண்டித்தது, குடித்ததற்காகவோ யாரையும் அடித்ததற்காகவோ அன்று. அதே போத்தலை அதே இருக்கையில் வைத்து ஒரு வெள்ளைக்கார நண்பருக்குக் கொடுத்திருந்தால் வழக்கே இல்லை. வாங்கியவர் யார் என்பதுதான் குற்றத்தை உண்டாக்கியது.

விடுதலையாகி வந்தவர் மனம் உடைந்து போயிருந்தார். தூரிகையை எடுப்பதே அரிதாயிற்று. மாரடைப்பு வந்து அலிஸ் ஸ்பிரிங்ஸ் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றபோது, பார்க்க வந்த பாட்டர்பீயிடம் மூன்று இயற்கைக் காட்சிப் படங்களைக் கொடுத்தார். இன்னும் தருகிறேன் என்றார். தர முடியவில்லை. 1959 ஆகஸ்டு 8ஆம் நாள், 57ஆம் வயதில் காலமானார். குடியுரிமை பெற்று இரண்டு ஆண்டுதான் ஆகியிருந்தது.

அவருக்கு நேர்ந்த கதி பல வெள்ளைக்காரர்களின் மனத்தையும் குத்தியது. 1962ஆம் ஆண்டில் மத்தியத் தேர்தல்களில் வாக்களிக்கும் உரிமை பழங்குடியினர் எல்லோருக்கும் வந்தது. 1964ஆம் ஆண்டில் வார்டு முறை ஒழிந்தது. 1967 மே 27ஆம் நாள் நாடு முழுவதும் பொது வாக்கெடுப்பு நடத்தி, மக்கள்தொகையில் அவர்களைச் சேர்க்கக்கூடாது என்ற அந்தப் பழைய வரியை அரசியல் சட்டத்திலிருந்து எடுத்தார்கள். 100க்கு 90 பேருக்கு மேல் ஆதரித்தார்கள். அவரைக் காவலில் வைத்த அதே பாபுன்யாவில், 1971ஆம் ஆண்டில் பழங்குடி முதியவர்கள் தங்கள் குலக் கதைகளைப் புள்ளிகளாலும் வட்டங்களாலும் தீட்டத் தொடங்கி, அந்தப் பாணி இன்று உலகப் புகழ் பெற்றிருக்கிறது.

குடும்பத்துக்கு என்ன கிடைத்தது? படங்களை அச்சிட்டு விற்கும் பதிப்புரிமையில் ஒரு பங்கு அவர் காலத்துக்குப் பிறகும் வந்துகொண்டிருந்தது. 1983ஆம் ஆண்டில், அந்த உரிமையைப் பராமரிக்க வேண்டிய அரசுப் பொறுப்பாளர், அதை ஒரு பதிப்பகத்துக்கு 8,500 டாலருக்கு விற்றுவிட்டார். குடும்பத்துக்கு வந்துகொண்டிருந்த வருமானம் நின்றது. பேரப்பிள்ளைகள் பாட்டனின் படத்தை ஒரு புத்தகத்தில் போடுவதென்றாலும் பிறரிடம் அனுமதி கேட்க வேண்டியதாயிற்று. பல ஆண்டுகள் கேட்டுப் போராடி, 2017ஆம் ஆண்டில் ஒரே ஒரு டாலர் விலைக்கு அந்த உரிமையைக் குடும்ப அறக்கட்டளை திரும்பப் பெற்றது.

உரிமை விற்கப்பட்ட அதே 1983ஆம் ஆண்டில் அலிஸ் ஸ்பிரிங்ஸில் ஒரு குழந்தை பிறந்தது. பெயர் வின்சென்ட் நமட்ஜிரா, ஆல்பர்ட்டின் கொள்ளுப்பேரன். சிறு வயதில் தாயை இழந்து, தொலைவிலுள்ள பெர்த் நகரில் வளர்ப்பு வீடுகளில் வளர்ந்து, பெரியவரானபின் சொந்த மண்ணைத் தேடி வந்து ஓவியரானவர். ஆஸ்திரேலியாவில் மனித உருவ ஓவியத்துக்கு ஆர்ச்சிபால்ட் பரிசு என்று பெரிய பரிசு ஒன்று உண்டு. 1956ஆம் ஆண்டுக்கான அந்தப் பரிசைப் பெற்ற படம், வில்லியம் டார்கி என்ற வெள்ளை ஓவியர் தீட்டிய ஆல்பர்ட் நமட்ஜிராவின் உருவம். படத்திலிருந்தவர் அப்போது குடிமகன் அல்லர். 2020ஆம் ஆண்டில் அதே பரிசை வின்சென்ட் பெற்றார். பழங்குடி ஓவியர் ஒருவர் அதைப் பெற்றது அதுவே முதல் தடவை. அவர் தீட்டியிருந்தது, ஆடுகளத்தில் நிறத்தைச் சொல்லிக் கூச்சலிட்டவர்களை எதிர்த்து நின்ற பழங்குடிக் காற்பந்து வீரர் ஆடம் கூட்ஸின் உருவத்தை. பக்கத்தில் தம்மையும் சேர்த்து வரைந்திருந்தார், இருவரும் கைகோத்து நிற்பதுபோல்.